ஈசூன் புளோக்கின் கீழ் ஒரு மூத்தோர் நிலையம்: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளின் மதிப்புரை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் துடிப்புடன் மூப்படையும் நிலையத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அம்மாவையோ அப்பாவையோ இப்படி ஒரு நிலையத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்காகவும், அறுபதைத் தாண்டியும் "அங்கே போய் நாம் என்ன செய்யப்போகிறோம்" என்று மின்தூக்கியை விட்டு இறங்கி நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடும் என் வயதுக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். கரோக்கே உண்டா, காப்பி இலவசமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: இரண்டும் உண்டு.

நான் ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பரிசோதனைக்கூட ஊழியர். வேலைக்காலம் முழுவதும் ரத்தப் பிரிவுதான். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தை மெல்லியதாக இழுத்து, உலரவைத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவோம். ஒரு கை தகட்டை நகர்த்தும், மறு கை கணக்குப் பெட்டியின் பொத்தான்களைத் தட்டும். பிற்காலத்தில் இயந்திரம் எண்ணத் தொடங்கியது. இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்த தகடு மட்டும் எங்களிடம் வந்தது. ஒரு மூத்தோர் நிலையத்தை மதிப்பிடும்போது வெள்ளணுக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நிலையம் எனக்கு எதைச் செய்தது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை அந்தக் கதை இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

என் வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். காலை ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மாலையில் திரும்பி வந்தால் வீட்டுப்பாடம், குளியல், சாப்பாடு, தூக்கம். பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வாரம் நான் வாயே திறக்காவிட்டால் அந்த வீட்டில் எந்த வேலையும் நின்றுபோகாது என்று ஒரு நாள் தோன்றியது. அந்த எண்ணம் வந்தபின் எளிதில் போகவில்லை. எதிர்வீட்டுப் பெரியவரோ மூவறை வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். காலையில் ஈரச்சந்தை, பிறகு கோயில், மாலையில் கீழே சதுரங்கம். இரவு பத்து மணிக்குக்கூட அவர் வீட்டுக் கதவில் யாராவது நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கணக்கெடுக்க வருபவர் அவரைத்தான் "தனியாக வாழ்பவர்" என்று எழுதிக்கொள்வார். என்னை அல்ல.

இந்த வித்தியாசத்தை ரத்தத்திலேயே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் கோல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ குழுவோடு சேர்ந்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகாகோவில் பல ஆண்டுகளாகப் பின்தொடரப்பட்டுவந்த நடுத்தர வயதினரில் 14 பேரின் வெள்ளணுக்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காகத் தனிமையை உணர்வதாகச் சொல்லிவந்தவர்கள் ஒரு பக்கம், அப்படி உணராதவர்கள் மறுபக்கம். 209 மரபணுக்களின் வேலை இரு பக்கத்துக்கும் வேறுபட்டிருந்தது. மரபணு மாறிப்போகவில்லை, அது பிறக்கும்போது வந்தபடியேதான் இருக்கிறது. அந்த மரபணுவை வெள்ளணு எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதுதான் ஏறியிறங்கியிருந்தது. அழற்சியை, அதாவது காயமோ தொற்றோ வந்தால் உடல் சிவந்து வீங்கிக் காட்டும் எதிர்வினையை, தூண்டும் மரபணுக்கள் தனிமைக்காரர்களிடம் கூடுதலாக இயங்கின. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் வகை மரபணுக்களும் ஆன்டிபாடி தயாரிப்பு மரபணுக்களும் அடங்கிக் கிடந்தன.

படித்தபோது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு விஷயம். ஒருவருக்கு எத்தனை உறவு, எத்தனை நண்பர் என்ற எண்ணிக்கையைவிட, "எனக்கு யாரும் நெருக்கமாக இல்லை" என்று அவர் மனத்தில் உணர்வதுதான் இந்த மாற்றத்தோடு வலுவாக ஒட்டியிருந்தது. அப்படிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பெரியவரின் வெள்ளணுக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. என்னுடையதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

14 பேர் என்பது சின்னக் கூட்டம், கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. அதன்பிறகு 2015-இல் கோலும் கசியோப்போவும் இன்னும் சிலரும் 141 மூத்தோரைப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் உள்ள குரங்கு ஆய்வு மையத்தின் ரீசஸ் குரங்குகளையும் பார்த்தார்கள். மனச்சோர்வு, மனஅழுத்தம் இவற்றை எல்லாம் கணக்கில் கழித்த பிறகும் தனிமை உணர்வின் தடம் மிஞ்சியது. வழியும் ஓரளவு புலப்பட்டது. பயமும் ஒதுக்கப்பட்ட உணர்வும் நீடிக்கும்போது நோரெபிநெஃப்ரின் என்ற மனஅழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தட்டி, மோனோசைட் என்ற வகை வெள்ளணுக்களை இன்னும் முதிராத நிலையிலேயே ரத்தத்துக்குள் அனுப்பவைக்கிறது. அழற்சி மரபணுக்களை அதிகம் இயக்குபவை இந்த இளம் மோனோசைட்டுகள்தாம்.

மோனோசைட் எனக்குப் பழக்கமான முகம். தகட்டில் உள்ள வெள்ளணுக்களில் பெரியது அதுதான். சாம்பல் கலந்த நீல உடல், நடுவே சிறுநீரகம்போல் மடங்கிய உட்கரு, சில சமயம் உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள். நூறு எண்ணினால் நாலோ ஆறோ வரும். முதிர்ந்ததா முதிராததா என்ற இந்த நுட்பமான பிரிவெல்லாம் எங்கள் சாயத்தில் தெரியாது, எல்லாம் ஒரே பொத்தானில் விழும். எத்தனை ஆயிரம் மோனோசைட்டுகளை அப்படித் தட்டிவிட்டிருப்பேன்! அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் வீட்டில் யாரோடு பேசினார் என்பதும் அந்தத் தகட்டில் ஒட்டியிருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்குக் கோல் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஆதிமனிதன் கூட்டத்தைவிட்டுத் தனித்துப்போனால் அவனுக்கு வரக்கூடிய ஆபத்து கடியும் காயமும், காயத்தில் பாக்டீரியா. கூட்டத்தில் இருப்பவனுக்கு ஆபத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வைரஸ். ஆகவே தனித்திருப்பதாக உணரும் உடல் காயத்துக்குத் தயாராகி வைரஸ் காவலைக் குறைத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் பெருவிபத்து அறிவிப்பு வந்ததும் எல்லாரையும் அவசரப் பிரிவுக்கு இறக்கிவிட்டு, தடுப்பூசி அறையைப் பூட்டுவதுபோல. ஒரு நாள் என்றால் சரி. விபத்து இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அந்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தால்? நீண்டகால அழற்சி இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் உரம் என்பது மருத்துவர்கள் எல்லாரும் சொல்வதுதான். நம் நாட்டிலேயே, 60 வயதில் தனிமையை உணர்பவர்கள் உணராதவர்களைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டு குறைவாக வாழ எதிர்பார்க்கலாம் என்று டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

சரி, நிலையத்துக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் வெள்ளை விளக்கு, குளிர்சாதனம், வரிசையாக மடக்கு நாற்காலிகள், சுவரில் மாத அட்டவணை. அட்டவணை நெருக்கமாக இருக்கும்: நாற்காலி யோகா, தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி, கைபேசி வகுப்பு, பாட்டு, ரம்மி-ஓ என்ற எண்கட்டை விளையாட்டு. உறுப்பினர் கட்டணம் கிடையாது. உடற்பயிற்சிக் கருவிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. சமூகத் தாதி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் நாளும் உண்டு. பொறுமையான பெண், மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். கழிவறை சுத்தம். இவற்றில் எனக்குக் குறையில்லை, இதற்குமேல் சொல்லவும் இல்லை. நட்சத்திரம் கொடுத்தது இவற்றுக்காக அல்ல.

முதல் நட்சத்திரம் தாவ்கே மேசைக்கு. நிலையத்தில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடும் நாள் ஒன்று வாரத்தில் உண்டு. அன்று காலையில் நீள மேசையில் செய்தித்தாள் விரித்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடைத் தாவ்கேயைக் கொட்டிவிடுவார்கள். பச்சைப்பயறு முளைதான், ஆனால் இங்கே ஒவ்வொரு முளையின் வாலையும் கிள்ளி எடுத்தால்தான் சமைக்க விடுவார்கள். என் இடப்பக்கம் பன்னிரண்டாம் மாடிச் சீன அம்மா, எண்பதைத் தாண்டியவர். வலப்பக்கம் ஒரு மலாய் அக்கா, அவரை எல்லாரும் கக் என்று கூப்பிடுவோம். சீன அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்குச் சீனம் வராது. ஆனால் எங்கள் தலைமுறையில் எல்லாருக்கும் சந்தை மலாய் வரும். மூவரும் அந்த மலாயில்தான் பேசுகிறோம். வாலைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளாமல் இரு விரலால் உருட்டி இழுத்தால் முளை முறியாது என்று காட்டியவர் அந்த அம்மாதான். என் குவியலை அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். வால் மிச்சமிருந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்து என் பக்கமே திருப்பி வைப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் எட்டிப் பார்க்காவிட்டால்தான் என்னவோபோல் இருக்கிறது. கிளம்பும்போது தவறாமல் ஒரு கேள்வி, "ஏசோக் டாத்தாங்?" நாளைக்கு வருவாய்தானே என்று. வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

அட்டவணையில் இந்த மேசைக்குத் தனிப் பெயர் கிடையாது. "சமையல் ஏற்பாடு" என்று சின்ன எழுத்தில் இருக்கும். நிலையத்தார் இதை ஒரு நிகழ்ச்சியாகவே கருதுவதில்லை என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் அங்கே நடப்பவற்றில் இதுதான் மருந்து. ஷெல்டன் கோஹென் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்க்கில் 276 நல்ல உடல்நலம் உள்ளவர்களின் மூக்கில் சளிக்காய்ச்சல் வைரஸைச் சொட்டாக விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார். 1997-இல் வெளிவந்த ஆய்வு. மூன்று வகைக்கு மேல் உறவுத்தொடர்பு இல்லாதவர்களுக்கு, ஆறு வகையோ அதற்கு மேலோ உள்ளவர்களைவிடச் சளி பிடிக்கும் அபாயம் நான்கு மடங்குக்கும் அதிகம் என்று கணக்கிட்டார்கள். வகை என்பதைக் கவனியுங்கள். குடும்பம் ஒரு வகை, அண்டைவீட்டார் ஒரு வகை, வேலைத்தோழர் ஒரு வகை, கோயில் ஆட்கள் ஒரு வகை. ஓய்வு பெற்றதும் எனக்கு வேலைத்தோழர் என்ற வகையே இல்லாமல் போனது. தாவ்கே மேசையில் அது திரும்பக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது நட்சத்திரம் கதவு தட்டும் ஊழியர்களுக்கு. வழக்கமாக வருபவர் சொல்லாமல் வராவிட்டால் பத்து மணிவாக்கில் ஓர் அழைப்பு வரும். எடுக்காவிட்டால் ஆள் வந்துவிடுவார். சென்ற மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். கைபேசி சத்தமில்லாமல் கிடந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நிலையத்தின் இளைஞர் ஒருவரும் கக்கும் நின்றிருந்தார்கள். கக்கின் கையில் ஒரு தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி. "ஆன்டி, ஏன் சொல்லவில்லை?" என்று அந்தப் பையன் கோபித்துக்கொண்டான். என் மகன் வயதுகூட இருக்காது. சந்தோஷமாக இருந்தது, வேறென்ன சொல்ல. தனியாக வாழ்பவர்களுக்கு இதுவே உயிர்காக்கும் சேவை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும் பகல் பன்னிரண்டு மணிநேரம் தனியாகத்தான் போகிறது என்பதை இவர்கள் புரிந்துவைத்திருப்பது பெரிய விஷயம்.

மூன்றாவதும் நான்காவதும் பிள்ளைகளுக்கு. பக்கத்துப் புளோக்கின் கீழே ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைக் கைகோத்து அழைத்து வருவார்கள். நாங்கள் உட்கார்ந்து கதைப்புத்தகம் வாசிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் என் பங்கு. ஒருத்திக்கு "ழ" வராது. வாழைப்பழம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி என் வாயையே பார்ப்பாள். நாக்கை எங்கே மடிக்கிறேன் என்று பார்க்கிறாள்! அவளுக்காகவே அந்தப் பக்கத்தை மெதுவாக வாசிப்பேன். பிள்ளைகள் வரும் நாளில் என் மூட்டுவலிகூடக் குறைவாக இருப்பதாகத் தோன்றுகிறது. அதை நான் ஆதாரமாகக் காட்டமாட்டேன். ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் மூத்தோரைத் தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பிச் சிறுபிள்ளைகளுக்கு உதவச் செய்யும் ஜெனரேஷன் எக்ஸ்சேஞ்ச் என்ற திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்தவர்களின் ரத்தத்தை டெரசா சீமன், ஸ்டீவ் கோல் குழு பார்த்தது. பள்ளி ஆண்டின் போக்கில் அந்த அழற்சிப் பாங்கு இறங்கியது. முன்னோட்ட ஆய்வுதான், 2020-இல் வந்தது, ஆள் குறைவு. 

அதற்கு முன் 2017-இல் 159 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நான்கு வாரம், ஒரு பகுதியினர் பிறருக்கு நல்லது செய்ய வேண்டும். இன்னொரு பகுதியினர் தமக்கே நல்லது செய்துகொள்ள வேண்டும். தெரிந்த ஒருவருக்கு உதவியவர்களின் வெள்ளணுக்களில் அந்தப் பாங்கு குறைந்தது. தம்மையே கவனித்துக்கொண்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. இதைப் படித்தபின் நிலையத்தின் அட்டவணையை மறுபடி பாருங்கள். முக்கால்வாசி நிகழ்ச்சிகளில் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெற்றுக்கொள்பவர்கள். பாட்டு கேட்கிறோம், பேச்சு கேட்கிறோம், பரிசுப்பை வாங்குகிறோம். கால்வாசியில்தான் எங்களால் யாருக்காவது ஏதாவது ஆகிறது. அந்தக் கால்வாசிக்குத்தான் நான் நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் எல்லாம் முடிந்த முடிவு என்று சொல்லவரவில்லை. இன்பத்துக்காக வாழ்வதற்கும் அர்த்தத்துக்காக வாழ்வதற்கும் மரபணுச் செயல்பாட்டில் வித்தியாசம் இருப்பதாக 2013-இல் கோலும் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் வெளியிட்ட ஆய்வின் புள்ளியியலை மற்ற ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். கேட்கவும் வேண்டும். மனிதர்களைத் தனிமையில் அடைத்துவைத்துப் பரிசோதிக்க முடியாது என்பதால் எது காரணம், எது விளைவு என்பது எப்போதும் சிக்கல்தான். ஆனால் குரங்குகளில் அது ஓரளவு அவிழ்ந்திருக்கிறது. ஜென்னி டங் குழு பெண் ரீசஸ் குரங்குகளின் கூட்டங்களை ஆராய்ச்சியாளர்களே கலைத்து அமைத்து, எந்தக் குரங்கு மேல்நிலையில் இருக்கும், எது கீழே போகும் என்பதை மாற்றிப் பார்த்தது. கூட்டத்தில் இடம் மாறியதும் நோயெதிர்ப்பு அணுக்களின் மரபணுச் செயல்பாடும் கூடவே மாறியது. 2016-இல் வெளிவந்தது. கீழே கிடந்த குரங்கு மேலே போனால் அதன் ரத்தமும் திரும்புகிறது! எனக்கு இந்த முழு ஆராய்ச்சியிலும் மிகப்பெரிய ஆறுதல் அதுதான். அறுபத்தேழு வயதில் ரத்தம் இறுகிப்போன கல்வெட்டு அல்ல என்று தெரிவது சின்ன விஷயமா?

இனி, கொடுக்காத நட்சத்திரம்.

நிலையத்தின் நடைமுறை மொழி சீனம். அறிவிப்பு சீனத்தில் மூன்று நிமிடம் ஓடும், ஆங்கிலத்தில் முப்பது விநாடி. உடற்பயிற்சிக் காணொளியும் சீனத்தில். எண்ணிக்கையில் நாம் சிறுபான்மை, நாட்டில் இந்தியர் பத்தில் ஒருவருக்கும் குறைவு, எல்லாவற்றையும் தமிழில் நடத்தச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். கணவர் போய் ஓராண்டு ஆகியிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தபோது தாமதமாகச் சிரித்தார். அடுத்த வாரமும் வந்தார். அப்புறம் வரவில்லை. "அவங்க எல்லாம் பேசிக்கிறாங்க, நான் என்னத்துக்கு குறுக்கால" என்றார் மின்தூக்கியில். வருகைப் பதிவில் அவர் பெயருக்கு நேரே இரண்டு சரிக்குறி இருக்கும். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் இருந்ததைவிட அதிகத் தனிமையோடு திரும்பியிருப்பார் என்பதை அந்தச் சரிக்குறி சொல்லாது. ரத்தம் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை என்று மேலே சொன்னேனே, அது நாற்பது பேர் இருக்கும் அறைக்கும் பொருந்தும். அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைக்காமல் தாவ்கே மேசைக்கு அழைத்துப்போயிருந்தால் போதும். அதற்கு மொழியே அவ்வளவாகத் தேவைப்படாது. இதை நிலைய மேலாளரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். இப்போது புதிதாக வருபவரோடு முதல் சில வாரம் ஒரு பழைய உறுப்பினர் கூட இருக்கும் ஏற்பாடு பேச்சளவில் இருக்கிறது. நடைமுறைக்கு வரட்டும்.

பதிவுத் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேரும்போது வயது, நோய், மாத்திரை, வீட்டில் எத்தனை பேர், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டார்கள். "வீட்டில் ஐந்து பேர்" என்று எழுதியதும் என்னை நலமாக இருப்பவர் பட்டியலில் போட்டுவிட்டார்கள். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், மற்றவர்களிடமிருந்து தனித்துவிடப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்று மூன்றே கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று ஆய்வாளர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. "எப்போதாவது", "சில சமயம்", "அடிக்கடி" என்று பதில் சொன்னால் போதும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. 2023-இல் அறிவிக்கப்பட்ட, மூத்தோருக்கான ஏஜ் வெல் எஸ்ஜி திட்டத்துக்குப் பத்தாண்டில் 350 கோடி வெள்ளி ஒதுக்கியிருக்கும் நாடு இது. 2030-க்குள் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு 65 வயது ஆகியிருக்கும். அந்த மூன்று கேள்வியைத் தாளில் சேர்ப்பதற்குச் செலவு என்ன? ஆறு மாதம் கழித்து அதே மூன்றை மறுபடி கேட்டால், நிலையம் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தலை எண்ணிக்கையைவிட அது நேர்மையான கணக்கு.

இன்னொன்று, ஆதங்கத்தோடு சொல்கிறேன். உடல்நலப் பேச்சு என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனத்தை உள்ளே விட்டிருந்தார்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் கொடுத்தால் உங்கள் மரபணுவைப் படித்து எதிர்கால ஆரோக்கியத்தைச் சொல்வோம் என்றார்கள். விலை நூற்றுக்கணக்கில். பக்கத்தில் இருந்த சீன அம்மா பணப்பையைத் திறந்துவிட்டார். அந்தப் பரிசோதனை படிப்பது பிறவி எழுத்தை. அவர் நேற்றுத் தனியாக அழுதாரா, இன்று பத்துப் பேரோடு சிரித்தாரா என்பது அந்த எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. எந்த மரபணு இன்று எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து ஆர்என்ஏ, அதாவது மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல், எடுக்க வேண்டும். அதுவும் இப்போதைக்குக் கூட்டம் கூட்டமாக ஒப்பிடும் ஆராய்ச்சிக்குத்தான், "உங்கள் அளவு இது" என்று ஒருவர் கையில் தாள் கொடுப்பதற்கு அல்ல. எழுந்து நின்று இதைச் சொன்னேன். பேசவந்த இளைஞருக்கு வருத்தம்தான். மேலாளர் பிறகு என்னிடம் தனியாக வந்து, இனிமேல் விற்பனைப் பேச்சுகளை முன்கூட்டியே சரிபார்ப்பதாகச் சொன்னார். அதன்பின் அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை. பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் இந்த மாதிரிப் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

யாருக்கு இந்த நிலையம் ஏற்றது? சந்தை மலாயோ கொஞ்சம் ஆங்கிலமோ பேசத் தெரிந்தவர், கையால் ஏதாவது செய்யப் பிடித்தவர் தயங்காமல் போகலாம். தமிழ் மட்டுமே பேசுபவர் முதல் சில முறை தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. எங்கள் புளோக் என்றால் நான் கூட வருகிறேன். காது மந்தமானவர்களுக்குப் பெரிய கூடம் சிரமம், எதிரொலிக்கும். சின்ன அறையில் நடப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது. சேர்ந்து சாப்பிடும் நாளில் சைவம் தனியே கேட்டால் செய்கிறார்கள், முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மிளகாய்ச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், கவனம். முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் மறதிநோய் உள்ளவர்களுக்கு இது இடமில்லை, அதற்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தனியே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் "இன்று என்ன நிகழ்ச்சி" என்று கேட்காதீர்கள். "இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் நிலையம் அவருக்குப் பொருந்தியிருக்கிறது. அட்டவணையைச் சொன்னால் இன்னும் பொருந்தவில்லை. ஊழியரிடம் பேசி ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

வாரநாட்களில் காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். 60 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை போதும். சமையல் குழு, பிள்ளைகளுக்கு வாசிக்கும் குழு ஆகியவற்றுக்கான பெயர்ப்பட்டியல் சுவர் அட்டவணையில் இருக்காது. பதிவு மேசையில் நீலக் கோப்பில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், கேளுங்கள்.